கும்மியில் தொடங்குங்கள்: வட்டமாக நின்று ஆடிப் பழக

ஒரே சிலப்பதிகாரத்தில் இரண்டு வகை ஆடல்களைக் காண்கிறோம். அரங்கேற்று காதையில் மாதவி ஆடுவதற்கென கோல் என்னும் அக்கால நீள அளவில் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட மேடை அளந்து கட்டப்படுகிறது. ஆய்ச்சியர் குரவையிலோ மேடை இல்லை. குடத்துப் பால் உறையாமல் போனதைத் தீய நிமித்தமாகக் கண்ட ஆயர் முதுமகள் மாதரி, ஏழு பெண்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களால் நிறுத்த, அவர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். பொழுதுபோக்காக ஆட விரும்புகிறவர்கள் இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கைகோத்து ஆடும் குரவையும், மடக்கிய கைகளால் விலாவில் அடித்து ஆடும் துணங்கையும் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுகின்றன. இன்று அவ்வழியில் மிக எளிதாகக் கற்கத்தக்கது கும்மி. அதற்கு வாத்தியமோ ஒப்பனையோ தேவையில்லை.

எட்டுப் பேர் இருந்தால் போதும். முற்றமோ மொட்டை மாடியோ எதுவானாலும், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் அடுத்தவர் விரல் நுனி தொடும் அளவுக்கு இடைவெளி விட்டு, நடுவைப் பார்த்து வட்டமாக நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள், புடவை கட்டியிருப்பவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் காலை அசைக்கவே வேண்டாம். கைகொட்ட மட்டும் பழகுங்கள். புதிதாக வருகிறவர்கள் உள்ளங்கைகளைத் தட்டையாக வைத்து ஓங்கி அடிப்பதால் கால் மணி நேரத்திலேயே கை சிவந்து எரியத் தொடங்கிவிடும். உள்ளங்கையைச் சற்றே குழித்து, விரல்களைத் தளர்த்தித் தட்டினால், வலிக்காமல் ஆழமான ஓசை எழும். நீட்டிய விரல்களை மட்டும் ஒன்றோடொன்று தட்டினால் வருவது வேறு ஓசை, மெல்லியது. இந்த இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துக் காதால் வேறுபாட்டை உணர்ந்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

கும்மிப் பாட்டு மும்மை நடையில் அமைவது. ஒவ்வொரு சீருக்கும் 'தகிட' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் நடை பிடிபடும். ஓர் அடியில் சொற்கள் ஏழு சீர்களில் முடிந்துவிட, எட்டாவது இடம் வெறுமையாக நிற்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புவது கைதட்டல்தான் என்பதால், பாட்டு நின்றுவிட்டதாக எண்ணிக் கையை நிறுத்திவிடாதீர்கள். வட்டம் குலைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அடுத்து அடவு, அதாவது காலடி வைக்கும் முறை. முதல் சீருக்கு வலக்காலை வலப்பக்கம் வையுங்கள். இரண்டாவதற்கு இடக்காலை அதனுடன் சேருங்கள். மூன்றாவதற்கு வலக்காலை வட்டத்தின் உள்ளே ஓர் அடி வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து, முழங்கால் உயரத்தில் தட்டுங்கள். நான்காவதற்குப் பின்வாங்கி நிமிர்ந்து, தோள் உயரத்தில் தட்டுங்கள். இதையே மறுமுறை செய்தால் பாட்டின் ஓர் அடி முடியும். எட்டாவது இடத்தின் தட்டு எல்லோரும் நிமிர்ந்து நிற்கும்போது விழும். ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டும். ஆடிக்கொண்டே பாடுவதால் மூச்சு வாங்கும். ஆகவே முதல் வாரம் முழுவதும் மெதுவான காலத்திலேயே ஆடுங்கள், வேகம் தானாகக் கூடிவரும். முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மியடிப்பதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அவர்கள் குனிந்து நிமிரும் விதத்தைக் கவனியுங்கள்.

கும்மி கைவந்தபின் கோலாட்டத்துக்கு மாறலாம். வட்டம் அதேதான், கைக்குப் பதில் கோல் பேசும். கோலை இறுகப் பிடித்தால் மணிக்கட்டு நோகும் என்பதால், அடிப்பகுதியை விரல்களால் தளர்வாகப் பிடிக்க வேண்டும். சிறு துணியைக் கையில் பிடித்து வரிசையாக ஆடும் ஒயிலாட்டத்துக்குக் காற்பயிற்சி அதிகம் தேவை. அதைச் சில மாதங்கள் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

பின்னல் கோலாட்டம்தான் இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப்பேர் வலமாகவும் பாதிப்பேர் இடமாகவும் ஒருவரை உள்ளாகவும் அடுத்தவரை வெளியாகவும் கடந்து ஆட, கயிறு பின்னலாக இறங்கி வரும். இதற்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். பின்னி முடித்ததும் அதே அடவுகளைப் பின்னோக்கி ஆடி அவிழ்க்க வேண்டும். கடைசியாக யாரை எந்தப் பக்கம் கடந்தோம் என்பதை ஒவ்வொருவரும் நினைவில் வைத்து, அந்த இடத்திலிருந்தே திரும்புங்கள்.