மனம் சோர்ந்த நாட்களில் எக்சர்சைஸ் சைக்கிள்: எவ்வளவு, எப்படி, எங்கே நிறுத்துவது

மனச்சோர்வு, பதற்றம், பிரிவு, வேலை இழப்பு, வீட்டில் ஒரு சாவு. இவற்றில் எதிலிருந்தாவது மீண்டு வருபவரிடம் “தினமும் கொஞ்ச தூரம் நடங்க” என்று எல்லோரும் சொல்வார்கள். படுக்கையை விட்டு எழுவதே பெரிய வேலையாக இருக்கும் நாளில், ஷூ மாட்டி, தெருவில் இறங்கி, “என்ன, ஆளையே காணோம்?” என்பவருக்குப் பதில் சொல்லி நடப்பது ஆகிற காரியமில்லை. வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள் உதவுவது இந்த இடத்தில்தான். யாரும் பார்க்க மாட்டார்கள், மழை தடுக்காது, தலை வாரக்கூட வேண்டாம். லுங்கியும் நைட்டியும் மட்டும் கூடாது, பெடலில் சிக்கும்.

எவ்வளவு மிதிக்க வேண்டும் என்பதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. 2005இல் வெளியான டோஸ் என்ற அமெரிக்க ஆய்வில், லேசானது முதல் மிதமானது வரை மனச்சோர்வு இருந்த 80 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சிக் குழுக்களில் இருந்தவர்கள் ட்ரெட்மில்லிலோ நிலை சைக்கிளிலோ 12 வாரம் பயிற்சி செய்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 17.5 கிலோகலோரி செலவிட்டவர்களின் அறிகுறி மதிப்பெண் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. 7 கிலோகலோரி மட்டும் செலவிட்டவர்களுக்கு 30 சதவீதம்தான். வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. வாரம் 3 நாளா 5 நாளா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கணக்குப் போட உதவுகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு வாரம் 1050 கிலோகலோரி, அதாவது மிதமான வேகத்தில் சுமார் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதுவே. இது எட்டாவது வாரத்தின் இலக்கு. முதல் வாரத்தில் இதைத் தொட முயன்றால் மூன்றாவது வாரத்தில் சைக்கிள் துணி காயப்போடும் இடமாகிவிடும்.

எந்த சைக்கிள், எங்கே வைப்பது

நிமிர்ந்து உட்காரும் சாதாரண மாடலே போதும். முதுகு சாயும் ரெகம்பன்ட் வகை, மாத்திரையால் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் நல்லது. ஜிம்மில் இருக்கும் ஸ்பின் பைக்குகள் பலவற்றில் கனமான சக்கரம் பெடலோடு பிணைந்திருக்கும். நீங்கள் நிறுத்தினாலும் அது காலைச் சுழற்றிக்கொண்டே போகும். அதை நிறுத்த ரெசிஸ்டன்ஸ் (மிதிக்கும் இறுக்கம்) மாற்றும் திருகை அழுத்த வேண்டும், கால் வைத்துத் தடுக்கக் கூடாது. பிரேக் கட்டை உரசும் வகை மலிவு, ஆனால் நாளாக ஆகத் தேயும், கீச்சிடும். காந்த வகை சத்தமில்லாதது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் காந்த வகை வாங்கி, கீழே தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ஜன்னலோரம் வையுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்க நேரம் சீராக உதவும். மின்விசிறி நேர் எதிரே, நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும். வெளியில் ஓட்டும்போது காற்று உடம்பைக் குளிர்விக்கும், நின்ற இடத்தில் அது கிடையாது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் மிதித்தால் பத்தே நிமிடத்தில் இதயம் படபடவென்று அடிக்கலாம். பதற்ற நோய் உள்ளவர் அதை நோயின் தாக்குதல் என்றே எண்ணிவிடுவார். கரண்ட் போன நேரத்தில் பாதி நேரம் போதும்.

சீட்டைச் சரிசெய்தல்

“எனக்கு ஒத்துக்கலை, முட்டி வலிக்குது” என்று விடுபவர்கள் பலருக்கும் குறை சீட்டில்தான் இருக்கும். மிதிக்கும்போது போடும் ஷூவுடனே உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுக்க நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இப்போது குதிகாலை எடுத்துவிட்டு, பாதத்தின் முன்பகுதியை பெடலின் நடுவில் வையுங்கள். முட்டி இலேசாக, 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுதான் உங்கள் உயரம். சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேல் தூக்காதீர்கள். பூட்டும் முள் துளைக்குள் விழும் ‘க்ளிக்’ சத்தம் கேட்காமல் ஏறி உட்காராதீர்கள்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் அல்லது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் உயரம் அதிகம். தொடையிடுக்கு மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், மட்டமாக இருக்க வேண்டும். கை மரத்தால் ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். தொடங்குபவர்களுக்கு அது சீட்டைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாலும் தப்பில்லை. இடது பெடல் அடிக்கடி கழன்றால் தவறான பக்கம் முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும்.

எவ்வளவு கஷ்டப்பட வேண்டும்

கொஞ்சம்தான். இந்த விஷயத்தில் ஜிம் பழக்கமும் மனத்துக்கான பயிற்சியும் வேறு வேறு. மூச்சு இரைக்கத் தொடங்கும் அளவைத் தாண்டினால், மிதித்துக்கொண்டிருக்கும்போதே அநேகமாக எல்லோருக்கும் மனநிலை இறங்கும். திடமானவர் அதைப் பொறுத்துக்கொள்வார், இறங்கியதும் தெளிந்துவிடுவார். ஏற்கெனவே எதிலும் இன்பமில்லாமல் இருப்பவருக்கு அது “இதுவும் என்னால் முடியவில்லை” என்ற இன்னொரு சாட்சியாகிவிடும். அடுத்த நாள் சைக்கிள் பக்கமே போக மாட்டார்.

ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு. இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொள்ளலாம். மிதிக்கும்போதே “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, மிக மோசம் என்றால் −5, மிக நன்று என்றால் +5 என்று மதிப்பெண் போடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ரெசிஸ்டன்ஸை ஒரு படி இறக்குங்கள். அது தோல்வியல்ல, அளவு சரிசெய்தல்.

நாடித்துடிப்பு பார்ப்பவர்களுக்கு: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் உத்தேசமான உச்ச அளவு வரும். அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான வேகம். 40 வயதுக்காரருக்கு உச்சம் 180, எனவே 115 முதல் 137 வரை. படபடப்புக்கு புரோப்ரனோலால் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடலாம். அந்த மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாது. பேச்சை வைத்தே அளவு பாருங்கள்.

உடல் சுரக்கும் இன்ப ரசாயனமான எண்டார்ஃபின் பீறிட்டுப் பரவசம் வரும் என்ற விளம்பரப் பேச்சை நம்பி ஏறாதீர்கள். பெரும்பாலும் கிடைப்பது, இறங்கும்போது தோள் இளகியிருப்பதும் அன்றிரவு சற்று நல்ல தூக்கமும்தான்.

எட்டு வாரம்

முதல் வாரம் 10 நிமிடம், மூன்று நாள். ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, நிமிடத்துக்கு 60 சுற்று. வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சுற்று தெரியும். இரண்டாம் வாரமும் அதே 10 நிமிடம், நான்கு நாள். மூன்று, நான்காம் வாரங்களில் 15 நிமிடம். ஐந்து, ஆறில் 20 நிமிடம்: முதல் 5 மெதுவாக, நடுவில் 10 பேசும் வேகத்தில், கடைசி 5 மறுபடி மெதுவாக. ஏழாம் வாரம் 25 நிமிடம், ஐந்து நாள். எட்டில் 30 நிமிடம், ஐந்து நாள். சுற்று 70, 80க்கு மெல்ல ஏறட்டும். ரெசிஸ்டன்ஸைக் கடைசியில் கூட்டினால் போதும்.

நேரத்தைத் தினமும் புதிதாக முடிவு செய்யாதீர்கள். காலைக் காபி குடித்த அரைமணியில் என்று, ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு முடிந்துவைத்துவிடுங்கள். மனம் வந்தபின் ஏறலாம் என்று காத்திருந்தால் ஏற மாட்டீர்கள். மனச்சோர்வில் விருப்பம் செயலுக்குப் பின்னால்தான் வரும். துளியும் முடியாத நாளில் ஏறி 5 நிமிடம் மட்டும் மிதியுங்கள். அதற்கு மேலும் இறங்கவே தோன்றினால் இறங்கிவிடுங்கள். அந்த நாளும் கணக்கில் சேரும்.

மிதிக்கும்போது மனம் என்ன செய்யும்

ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டு சுவரைப் பார்த்தால், சோகம் உள்ளவர் மனம் பழையதையே அரைத்துக்கொண்டிருக்கும். எனவே கவனத்துக்கு வேலை கொடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரெசிஸ்டன்ஸை ஒரு படி மாற்றுங்கள், அல்லது பாட்டின் தாளத்துக்குக் காலைப் பொருத்துங்கள். பிரிவுத் துயரில் இருப்பவர்கள் சேர்ந்திருந்த காலத்துப் பாட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. இரண்டே நாளில் எந்தப் பாட்டு ஆகாது என்று தெரிந்துவிடும்.

அழுகை வரும், குறிப்பாக இழப்புக்குப் பின் முதல் வாரங்களில். வரட்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு கால் சுற்றுவதை மட்டும் தொடருங்கள். ஹேண்டிலில் ஒரு துண்டு தொங்கட்டும், வியர்வைக்கும் அதற்கும்.

திடீர்ப் பயத் தாக்குதல் வருபவர்களுக்குச் சிக்கல் வேறு. படபடப்பு, வியர்வை, மூச்சிரைப்பு ஆகிய மூன்றும் பயிற்சியிலும் வரும், தாக்குதலிலும் வரும். உடல் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். ஆனால் இதையே மருந்தாகவும் ஆக்கலாம். 5 நிமிடம் மெதுவாக மிதித்தபின் 30 விநாடி மட்டும் சற்று வேகம், பிறகு 2 நிமிடம் மெதுவாக. படபடப்பு தானாக அடங்குவதைக் கவனியுங்கள். இப்படி நான்கு முறை. இதயம் வேகமாக அடித்தும் ஒன்றும் நேரவில்லை என்று உடல் கற்றுக்கொள்ளும். மனநல ஆலோசகரிடம் போகிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இதய நோய் இல்லை என்று முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், இடது கைக்குப் பரவும் வலி வந்தால் “பதற்றம்தான்” என்று தள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரைகளும் வியர்வையும்

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இதைத் தவறாமல் படிக்க வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போனால் சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிவைக்கும், ரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகலாம். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது இவை தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். புழுக்க நாளில் அரைமணிக்கு மேல் வேண்டாம். தண்ணீரோடு, வழக்கமாகக் குடிக்கும் உப்பு போட்ட மோர் ஒரு டம்ளர் போதும். திடீரென உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அமிட்ரிப்டிலின் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டைத் தேக்கும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் சிலருக்கு வியர்வையைக் கூட்டும். க்வெட்டியபின் போன்றவை எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம், அதனால் கடைசி 5 நிமிடத்தை விட்டுவிட்டுச் சட்டென்று இறங்காதீர்கள். மனம் தேறுகிறது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தவும் வேண்டாம். படுக்கும் முன் ஒரு மணி நேரத்தில் வேகமாக மிதித்தால் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும்.

உணவு சார்ந்த மனக்கோளாறு இருந்தவர்கள் திரையில் கலோரி காட்டும் மூலையில் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். காய்ச்சலிலும் மிதிப்பது, ஒரு நாள் விட்டால் தாங்க முடியாத குற்றவுணர்வு, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஏறுவது, இவை வந்தால் அந்தப் பயிற்சி நோயின் பக்கம் சேர்ந்துவிட்டது. நிறுத்திவிட்டு, சிகிச்சை தருபவரிடம் சொல்லுங்கள்.

குறித்துவைத்தல்

தினசரிக் காலண்டரில் ஏறும் முன்னும் இறங்கிய 10 நிமிடம் கழித்தும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். தனித்தனி நாளைப் பார்க்காமல் வாரக் கடைசியில் பாருங்கள். இறங்கிய பின் போடும் எண் தொடர்ந்து குறைவாகவே இருக்கிறது என்றால் வேகம் அதிகம், அல்லது வெறும் வயிறு. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு ஏறிப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பலாம். மொத்தம் 27 மதிப்பெண், 5 குறைந்தால் உண்மையான முன்னேற்றம். எட்டு வாரத்தில் அசையவே இல்லை என்றால் சைக்கிளை மட்டும் நம்பியிராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு விடை பூஜ்யம் இல்லையென்றால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஊருக்குப் போய், உடம்பு சரியில்லாமல், அல்லது மனமில்லாமலே ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட நேரத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பாதி நேரத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள்.