எம்.பி. ஊருக்கு என்ன செய்தார்? நீங்களே பார்க்கலாம்

சுவரொட்டியை நம்பி நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். அதனால் எங்கள் எம்.பி. அம்மா தொகுதிக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், முதலில் மக்களவை இணையதளத்தைத்தான் திறப்பேன். அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கேட்ட கேள்விகள் வரும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். நம் ஊர், ரயில் நிலையம், ஏரி ஏதாவது கேள்வியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே எழுந்து பதில் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 20 தான், அதுவும் குலுக்கலில். கிடைக்காதது எம்.பி.யின் குற்றமில்லை. மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். அதைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று முடிந்திருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அதையே மறுபடி கேட்டாரா? என் கணக்கில் விடாமல் கேட்பவர்தான் வேலை செய்கிறவர்.

அப்புறம் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அவர் பரிந்துரைதான் செய்வார், பணம் அவர் கைக்கு வராது. வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். சரி, கட்டடம் பாதியில் நிற்கிறதா? ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.