ஒரு சுவிட்ச் படுத்தாலும் இணையம் நிற்காதிருக்க: விஆர்ஆர்பி அமைக்கும் முறை

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் தொடங்கிவிட்டால் விடுதிகளிலிருந்து எனக்கு வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: "வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை." போய்ப் பார்த்தால், விருந்தினரின் கைத்தொலைபேசியிலிருந்து வரவேற்பறையின் பில் போடும் கணினி வரை எல்லாமே ஒரேயொரு சுவிட்சைக் கேட்வேயாக (வலையிலிருந்து வெளியே போகும் வாசலாக) நம்பியிருக்கும். அது அணைந்துபோனால், அடுத்த கட்டடத்தில் இன்னொரு நல்ல சுவிட்ச் ஓடிக்கொண்டிருந்தும் பயனில்லை. அதன் முகவரி எந்தக் கருவிக்கும் தெரியாது.

இதற்குத்தான் விஆர்ஆர்பி (வர்ச்சுவல் ரூட்டர் ரிடன்டன்சி புரோட்டோகால்). இரண்டு சுவிட்சுகளும் தங்கள் சொந்த முகவரிகளுக்கு மேலாக மூன்றாவதாக ஒரு பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. முன்னுரிமை எண் கூடியது மாஸ்டர், மற்றது பேக்கப். மாஸ்டராக இருப்பது அந்த முகவரிக்குப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு விநாடியும் "நான் இருக்கிறேன்" என்று 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு அறிவிக்கிறது. அறிவிப்பு நின்றால் மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. கருவிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சிஸ்கோ மட்டுமே வைத்திருப்பவர்கள், இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான எச்எஸ்ஆர்பி போதுமே என்பார்கள். என் தெரிவு விஆர்ஆர்பிதான். சீசன் நடுவில் ஒரு சுவிட்ச் எரிந்துபோனால், திருகோணமலையில் அதே மாடல் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கையில் அகப்பட்ட வேறு நிறுவனத்தின் சுவிட்சை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால் பொதுத் தரம்தான் கைகொடுக்கும்.

விலான், டிரங்க், சுவிட்சில் ரூட்டிங்கை இயக்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் இடுங்கள். எக்ஸிட் வரிகளை விட்டுவிட்டேன்.

படி 1: முகவரிகள்

விருந்தினர் வலையமைப்பு விலான் 20 என்று கொள்வோம். முதல் சுவிட்ச் வரவேற்பறைக்குப் பின்னால். அதன் மேல், அதாவது இணையப் பக்கம், ஃபைபர் இணைப்பு. இரண்டாவது உணவகக் கட்டடத்தில். அதன் மேல் 4ஜி ரூட்டர். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். அப்படிச் செருகினால் இதற்குமேல் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

இப்போது கேட்வே 192.168.20.1 என்று இருந்தால் அதையே பொது முகவரியாக்குங்கள். முதல் சுவிட்சுக்கு .2, இரண்டாவதற்கு .3. இப்படிச் செய்தால், கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபியில் கேட்வேயை மாற்ற வேண்டாம். கையால் முகவரி இட்ட கேமராப் பதிவுக் கருவியைத் தேடி ஏணி ஏறவும் வேண்டாம். டிஎச்சிபி வழங்கும் பட்டியலிலிருந்து .2, .3 இரண்டையும் விலக்கிவிட மறக்காதீர்கள்.

சுவிட்சின் சொந்த முகவரியையே பொது முகவரியாகக் கொடுக்கவும் தரம் இடம்தருகிறது. வேண்டாம். அப்போது அந்தச் சுவிட்சின் முன்னுரிமை 255 என்று பூட்டப்பட்டுவிடும். படி 3இல் வரும் கண்காணிப்பு அதன்மேல் வேலை செய்யாது.

படி 2: அடிப்படை அமைப்பு

கன்சோல் கேபிளில் உட்காருங்கள். நீங்கள் மாற்றப்போவது உங்களைச் சுமந்துகொண்டிருக்கும் முகவரியையே. பிரவுசர் வழியாக அமைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. புட்டி என்ற கன்சோல் மென்பொருளும் நல்ல கேபிளும் போதும். கடற்கரையோர விடுதிகளில் கன்சோல் துளையின் செப்பு ஊசிகள் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள், பிறகு பாட் ரேட்டைச் (கன்சோல் வேகத்தைச்) சந்தேகிக்கலாம்.

முதல் சுவிட்ச்:

இன்டர்ஃபேஸ் விலான் 20
ஐபி அட்ரஸ் 192.168.20.2 255.255.255.0
விஆர்ஆர்பி 20 பிரையாரிட்டி 120
விஆர்ஆர்பி 20 பிரீஎம்ப்ட் டிலே மினிமம் 180
விஆர்ஆர்பி 20 ஐபி 192.168.20.1

இரண்டாவது சுவிட்ச்:

இன்டர்ஃபேஸ் விலான் 20
ஐபி அட்ரஸ் 192.168.20.3 255.255.255.0
விஆர்ஆர்பி 20 பிரையாரிட்டி 100
விஆர்ஆர்பி 20 ஐபி 192.168.20.1

பொது முகவரி வரியைக் கடைசியில் இட்டிருப்பது வேண்டுமென்றுதான். அந்த வரி விழுந்ததும் குழு இயங்கத் தொடங்கிவிடும். மற்றவை அதற்குமுன் தயாராக இருக்க வேண்டும். குழு எண்ணாக விலான் எண்ணையே கொடுக்கிறேன். 255ஐத் தாண்டாதவரை இது வசதி.

இது சிஸ்கோவின் பழைய வடிவம். சிஸ்கோவின் புதிய மென்பொருளான ஐஓஎஸ் எக்ஸ்இயில் விஆர்ஆர்பி பதிப்பு 3ஐ இயக்கினால் வரிகள் வேறு மாதிரி வரும்; கருத்து ஒன்றுதான். ஆனால் இரண்டு சுவிட்சிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். கடவுச்சொல் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். 2004ஆம் ஆண்டின் தர ஆவணமான ஆர்எஃப்சி 3768இலேயே அந்த வசதியைத் தரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அந்த 180 விநாடி எதற்கு? விஆர்ஆர்பியில், முன்னுரிமை கூடிய சுவிட்ச் திரும்பி வந்ததும் மாஸ்டர் பதவியை உடனே பறித்துக்கொள்வது (பிரீஎம்ப்ட்) இயல்பு. நம் ஊரில் மின்சாரம் திரும்பும்போது சுவிட்ச் எழுந்துவிடும். அதன் மேலிருக்கும் ஃபைபர் பெட்டி இன்னும் விழித்திருக்காது. அந்த இடைவெளியில் 4ஜியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விருந்தினரையெல்லாம் சுவிட்ச் இழுத்துவந்து ஒரு முட்டுச்சந்தில் நிறுத்திவிடும். மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

படி 3: மேல் இணைப்பைக் கண்காணித்தல்

என்னை நெடுநேரம் சுற்றவைத்தது இந்த இடம். விஆர்ஆர்பிக்குத் தெரிந்தது பக்கத்துச் சுவிட்சின் அறிவிப்பு வருகிறதா இல்லையா என்பது மட்டுமே. மாஸ்டரின் இணைய இணைப்பு செத்துப்போனது அதற்குத் தெரியாது. மாஸ்டர் விநாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வரும் தரவுப் பொட்டலங்களையெல்லாம் விழுங்கும்.

அதற்குக் கண்காணிப்பு இருக்கிறதே என்று மேல் போர்ட்டைக் கண்காணிக்கும் வரியை எல்லாரும் சேர்ப்பார்கள். ஒரு விடுதியில் வீதியைத் தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. கண்காணிப்பு இருந்தும் எதுவும் மாறவில்லை. முகாமையாளர் பெட்டியைக் காட்டி, "விளக்கெல்லாம் பச்சையாகத்தானே எரிகிறது, தம்பி?" என்றார். உண்மைதான். ஃபைபர் அறுந்தாலும், ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை சுவிட்சுக்கும் அதற்கும் இடையிலுள்ள ஈதர்நெட் கேபிள் உயிரோடுதான் இருக்கும். அங்கே சிவந்திருந்தது பெட்டியின் வெளிப்பக்கச் சிறு விளக்கு ஒன்று மட்டும். சுவிட்சின் போர்ட் விழவேயில்லை. விழாத போர்ட்டைக் கண்காணித்து என்ன பயன்?

ஆகவே போர்ட்டை விட்டுவிட்டு வெளியுலகைக் கண்காணியுங்கள். ஐபி எஸ்எல்ஏ என்ற வசதியால் சுவிட்ச் 1.1.1.1 என்ற வெளி முகவரிக்குத் தொடர்ந்து பிங் அனுப்பிப் பார்க்கும்; பதில் வராவிட்டால் டிராக் அதன் முன்னுரிமையைக் குறைக்கும். ஃபைபர் பெட்டி 192.168.101.1, நம் பக்கம் .2 என்று கொண்டால், முதல் சுவிட்சில்:

ஐபி ரூட் 1.1.1.1 255.255.255.255 192.168.101.1
ஐபி எஸ்எல்ஏ 1
ஐசிஎம்பி-எக்கோ 1.1.1.1 சோர்ஸ்-ஐபி 192.168.101.2
ஃப்ரீக்வென்சி 5
ஐபி எஸ்எல்ஏ ஷெட்யூல் 1 லைஃப் ஃபாரெவர் ஸ்டார்ட்-டைம் நவ்
டிராக் 1 ஐபி எஸ்எல்ஏ 1 ரீச்சபிலிட்டி
டிலே டவுன் 15 அப் 60
இன்டர்ஃபேஸ் விலான் 20
விஆர்ஆர்பி 20 டிராக் 1 டிக்ரிமென்ட் 30

முதல் வரியை யாரும் தேவையற்றது என்று அழித்துவிடாதீர்கள். பக்கத்துச் சுவிட்ச் வழியாக மாற்று வழி ஒன்று ரூட்டிங் பட்டியலில் இருந்தால், பிங் அந்த வழியாகச் சுற்றிப்போய் வெற்றிபெறும். சுவிட்ச் ஃபைபர் குணமாகிவிட்டது என்று நம்பி மாஸ்டராகத் திரும்பும். சோதனை எப்போதும் ஃபைபர் வழியாகவே போக வேண்டும்.

கடைசி வரியில் 30 ஏன்? கூட்டிக் கழித்துப் பாருங்கள். சிஸ்கோவில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 10தான் குறையும். 120இல் 10 போனால் 110. எதிரில் இருப்பது 100. இணைப்பு செத்தும் அதே சுவிட்ச்தான் மாஸ்டர். 30 குறைந்தால் 90, பதவி மாறும். இரண்டாவது சுவிட்சில் பிரீஎம்ப்டை அணைத்திருந்தால் அதுவும் நடக்காது, ஆகவே அதை அப்படியே விடுங்கள்.

இன்னொன்று: 4ஜி ரூட்டரிலும் விலான் 20இன் வலைக்குத் திரும்பும் வழியும் நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக்கும்) விதியும் இருக்க வேண்டும். பொட்டலம் வெளியே போய்த் திரும்பி வர வழியில்லாமல் நின்றால் பழி விஆர்ஆர்பிமேல் விழும்.

படி 4: ஸ்பேனிங் ட்ரீ

ஸ்பேனிங் ட்ரீ, சுவிட்சுகளிடையே சுற்றுவழி உருவாகாமல் தடுக்கும் முறை; அதன் மையச் சுவிட்ச் ரூட் பிரிட்ஜ். மாஸ்டர் எதுவோ அதுவே ரூட் பிரிட்ஜாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் போக்குவரத்து வளவு முழுதும் சுற்றித்தான் வெளியேறும். சில விலான்களுக்கு ஒரு சுவிட்ச், மற்றவற்றுக்கு மற்றது என்று பிரித்துச் சுமையைப் பகிரலாம் என்று பாடநூல்கள் சொல்லும். சிறிய விடுதிக்கு அது வேண்டாத வேலை. நள்ளிரவில் அழைப்பு வந்தால், எல்லாம் ஒரே பக்கம் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

படி 5: சோதனை

இரண்டிலும் "ஷோ விஆர்ஆர்பி பிரீஃப்" இடுங்கள். ஒன்றில் மாஸ்டர், மற்றதில் பேக்கப் என்று வர வேண்டும். ஒரு மடிக்கணினியிலிருந்து வெளியே தொடர்ந்து பிங் ஓடவிட்டு, மாஸ்டரின் மின்செருகியைப் பிடுங்குங்கள். கட்டளையால் நிறுத்திப் பார்ப்பது சோதனையாகாது: முறையாக விலகும் மாஸ்டர், முன்னுரிமை 0 என்று அறிவித்துவிட்டுப் போகும், மற்றது ஒரு விநாடிக்குள் ஏறிவிடும். மின்சாரம் போனால் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. மூன்று அறிவிப்பு இடைவெளியோடு, முன்னுரிமை 100க்கு 0.609 விநாடி சேர்த்து, ஏறத்தாழ 3.6 விநாடி ஆகும். மூன்று நான்கு பிங் தவறினால் சரி. இந்த நேரத்தைக் குறைக்க நான் முயல்வதில்லை.

மடிக்கணினியில் "ஆர்ப் -ஏ" இட்டால் கேட்வேயின் மேக் முகவரி 00-00-5ஈ-00-01-14 என்று தெரியும். 20 எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். பதினாறடிமான எண்முறையில் 14தான் அந்த 20. சுவிட்ச் மாறினாலும் இந்த முகவரி மாறாது.

இணைப்பு ஃபைபரிலிருந்து 4ஜிக்கு மாறும்போது வெளி முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் காணொளி அழைப்பு அறுந்து மீண்டும் இணையும். அதை விஆர்ஆர்பியால் தடுக்க முடியாது. விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: இரண்டுமே மாஸ்டர் என்று காட்டுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒன்றின் அறிவிப்பு மற்றதை எட்டவில்லை என்பதுதான் பொருள். இரண்டுக்கும் இடையிலான டிரங்கில் அந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, பதிப்பு ஒன்றா, ஐபி நெறிமுறை 112ஐ ஏதாவது ஆக்சஸ் லிஸ்ட் தடுக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். மூதூரிலிருந்து எழுதிய வாசகருக்கு மூன்றும் சரி. அவரது இரண்டு கட்டடங்களையும் இணைத்தது கம்பியில்லாப் பிரிட்ஜ். அதில் மல்டிகாஸ்ட் வடிகட்டி இயக்கத்தில் இருந்தது. பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் விஆர்ஆர்பி என்று வடிகட்டி இரு முனையிலும் பார்த்தால் அறிவிப்பு எங்கே மறைகிறது என்று உடனே தெரியும்.

மற்றொரு சேர்க்கை: மைக்ரோடிக் நிறுவனத்தின் ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. அங்கே விஆர்ஆர்பி ஒரு தனி இன்டர்ஃபேஸாக உருவாகும். பொது முகவரியை அதில் இடும்போது, அதே வலை ஏற்கெனவே விலானில் இருந்தால், 192.168.20.1/32 என்றே கொடுங்கள். /24 என்று கொடுத்தால் ஒரே வலைக்கு இரண்டு இன்டர்ஃபேஸ் சொந்தம் கொண்டாடும்; பிங் ஒரு கணம் வரும், ஒரு கணம் வராது.