திங்கட்கிழமை அரை மணி நேரம்: தேடலில் நம் தளம் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது

என் மேசையில் எப்போதும் ஒரு நோட்டு கிடக்கும். சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றி நான் நடத்தும் தளத்தில் எதைத் தொட்டாலும் தேதி போட்டு அதில் ஒரு வரி எழுதிவிடுவேன். ‘தீம் அப்டேட்’, ‘பிரேக் கட்டுரைக்குத் தலைப்பு மாற்றம்’, ‘மூன்று பிளக்இன் நீக்கம்’. அவ்வளவுதான். தளப் பராமரிப்பை எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் இந்த நோட்டைத்தான் சொல்வேன். தேடலிலிருந்து வரும் ஆட்கள் திடீரென்று குறைந்தால், கூகுள் எதையோ மாற்றியதா, நாமே எதையாவது கெடுத்தோமா என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. நாம் செய்தது இரண்டு வாரத்தில் நமக்கே மறந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் பட்டுத்தான் வந்தது. ஒருமுறை தளத்தின் தோற்றத்தை மாற்ற நினைத்து, தனியாக ஒரு சோதனைப் பிரதி வைத்து வேலை செய்தேன். அது தேடலில் வந்துவிடக் கூடாதே என்று, வேர்ட்பிரஸ் (என் தளம் ஓடும் மென்பொருள்) அமைப்புகளில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டேன். வேலை முடிந்ததும் அந்தப் பிரதியை அப்படியே நிஜத் தளத்துக்கு ஏற்றினேன், டிக்கோடு சேர்த்து. பிரவுசரில் பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் ‘நோஇன்டெக்ஸ்’ என்று ஒரு மெட்டா டேக், அதாவது ‘இதைத் தேடலில் சேர்க்காதே’ என்று சொல்லும் மறைகுறிப்பு, உட்கார்ந்திருக்கிறது. பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் நிரலான கூகுள்பாட் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நாளில் வருவதில்லையே. வந்து பார்த்த பக்கம் மட்டும் ஒன்றொன்றாகக் காணாமல் போனது. சரிவு மெதுவாக இருந்ததால், கட்டுரைகள்தான் சரியில்லை போலிருக்கிறது என்று பத்து நாள் தலைப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்தின் நிரலைக் காட்டும் ‘வியூ சோர்ஸ்’ போட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. டிக்கை எடுக்க ஒரு நொடி; பக்கங்கள் திரும்பி வரப் பல வாரங்கள்.

இதை ஒட்டி இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு பக்கம் தேடலில் வரக் கூடாது என்று ரோபோட்ஸ் கோப்பில் (எங்கே வரலாம், வரக் கூடாது என்று பாட்டுக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிட்டு, அதே பக்கத்தில் நோஇன்டெக்ஸும் போடுவார்கள். உள்ளே வராதே என்று வாசலிலேயே நிறுத்திவிட்டால், உள்ளே ஒட்டியிருக்கும் நோட்டீஸை பாட் எப்படிப் படிக்கும்? வேறெங்காவது இணைப்பு இருந்தால் அந்த முகவரி தேடலில் தலைகாட்டவும் செய்யலாம். பக்கம் போக வேண்டுமென்றால் பாட்டை உள்ளே விட்டு, நோஇன்டெக்ஸைப் படிக்க விடுங்கள்.

சரி, திங்கட்கிழமை வேலைக்கு வருவோம். நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து முதலில் இன்டெக்ஸ் அறிக்கை: எந்தப் பக்கங்கள் தேடல் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன என்பது. ‘இன்டெக்ஸ் ஆகாதவை’ என்று பெரிய எண்ணிக்கை தெரிந்தால் பதற வேண்டாம். ரீடைரக்ட் ஆன (வேறு முகவரிக்குத் திருப்பிவிட்ட) முகவரிகள், கெனானிக்கல் (‘அசல் பக்கம் இது’ என்று சொல்லும் குறி) மூலம் வேறு பக்கத்தைக் காட்டும் பக்கங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அவை அங்கேதான் இருக்க வேண்டும். நான் தேடுவது மூன்றுதான்: சர்வர் பிழை, சாஃப்ட் 404 (உள்ளடக்கம் இல்லாமலே ‘பக்கம் இருக்கிறது’ என்று பதில் சொல்வது), அப்புறம் பாட் படித்துப் பார்த்தும் இன்டெக்ஸில் சேர்க்காமல் விட்ட பக்கங்கள். மூன்றாவது வகையில் என்னுடைய நல்ல கட்டுரை ஏதாவது இருந்தால், அதை நானே வாசகனாகப் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஏற்கெனவே எழுதியதையே வேறு தலைப்பில் எழுதியிருப்பேன். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட வேண்டியதுதான்.

அடுத்து கிளிக் கணக்கு. கடந்த 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். ‘ஒரு மாதம்’ என்று எடுத்தால் ஒன்றில் நான்கு ஞாயிறு, இன்னொன்றில் ஐந்து என்று கணக்கு சாயும். கடைசி இரண்டு மூன்று நாள் எண்கள் முழுசாக வந்திருக்காது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவுதான் நிற்கும். சென்ற ஆண்டின் இதே காலத்தோடு ஒப்பிட அது போதும். அதற்கும் பழையது வேண்டுமென்றால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்ட வேலை இதற்குள்தான் இருக்கிறது. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, அதற்கு எந்தெந்தத் தேடல்கள் வருகின்றன என்று பார்ப்பது. ‘கழன்ற செயினை மாட்டுவது எப்படி’ என்று ஒரு கட்டுரை இருந்தது. நிறையப் பேர் கண்ணில் படுகிறது, கிளிக் மட்டும் இல்லை. தேடல்களைப் பார்த்தால், பாதிப் பேர் கேட்டது ‘செயின் அடிக்கடி கழல்வது ஏன்’. நான் மாட்டுவதை மட்டும் எழுதியிருந்தேன். ஏன் கழல்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. உட்கார்ந்து அதை எழுதினேன்: பல் தேய்ந்திருக்கலாம், கியர் மாற்றியின் எல்லைத் திருகு நகர்ந்திருக்கலாம், செயினே நீண்டிருக்கலாம். புதுச் செயினில் 12 முழுக் கண்ணி (உள், வெளி இரண்டும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அளவுகோல் வைத்த படம் ஒன்றும் சேர்த்தேன். தலைப்பில் ‘ஏன் கழல்கிறது’ என்பதையும் கொண்டுவந்தேன். அடுத்த சில வாரங்களில் அந்தக் கேள்விக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எதையும் சேர்க்காமல் தேதியை மட்டும் மாற்றி ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். கூகுள் அதில் ஏமாறுவதில்லை. நம் பக்கங்களின் பட்டியலாக கூகுளுக்குக் கொடுக்கும் சைட்மேப்பிலும் அப்படித்தான்: முன்னுரிமை எண்ணையும் மாற்ற இடைவெளியையும் அது கண்டுகொள்வதே இல்லை; கடைசியாக மாற்றிய தேதியை மட்டும், அது உண்மையாக இருந்துவந்தால், எடுத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை உடைந்த இணைப்புகளைத் தேடும் கருவியை ஓட்டுகிறேன். நீக்கிய கட்டுரைக்கு ஈடாக இன்னொன்று இருந்தால் அதற்கு 301, அதாவது நிரந்தர ரீடைரக்ட். இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (நீக்கியாயிற்று), கூச்சப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அதை சாஃப்ட் 404 ஆகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ரீடைரக்ட் போட்டால் ஓராண்டாவது எடுக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. முகவரியில் தமிழ் இருந்தால் கூகுளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் சதவீதக் குறிகளாக விரியும். ‘சைக்கிள்’ என்ற ஒரே சொல் யூனிகோடில் 8 குறிகள். ஒவ்வொன்றும் 9 எழுத்தாகி மொத்தம் 72. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை 200 எழுத்தில் வெட்டிவிடுவதால், நீண்ட தலைப்பு பாதியில் நிற்கும். அதனால் புதிய கட்டுரைகளுக்குச் சின்னதாக ஆங்கில எழுத்தில் வைக்கிறேன். பழைய முகவரிகளைத் தொடுவதில்லை.

வேகம் பற்றிச் சுருக்கமாக. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் (எல்சிபி), தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைய வேண்டும் (ஐஎன்பி, 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்தது), தளவமைப்புக் குலுக்கல் 0.1ஐத் தாண்டக் கூடாது (சிஎல்எஸ்). கூகுள் இதற்கு எடுப்பது 28 நாள் தரவு என்பதால் இன்று சரிசெய்தது நாளைக்கே தெரியாது. என் தளத்தில் குற்றவாளி எப்போதும் படம்தான்: போனில் எடுத்ததை 4000 பிக்சலோடு அப்படியே ஏற்றிவிடுவேன். இப்போது 1200க்குக் குறைத்து, வெப்பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றி, பக்கத்தின் நிரலில் அகல உயரத்தையும் எழுதுகிறேன். எல்லாப் படத்துக்கும் லேஸி லோடிங் (படத்தருகே வரும்போதுதான் அதை இறக்குவது) போடும் பிளக்இன் இருந்தால், மேலே முதலில் தெரியும் படத்தை அதிலிருந்து விலக்குங்கள்.

பேக்கப், அப்டேட், எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒரு பார்வை. கூடவே ‘சைட்:’ போட்டு நம் தள முகவரியைத் தேடிப் பாருங்கள். நாம் எழுதாத பக்கங்கள் வந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கலாம்.

கூகுள் தன் தேடல் முறையையே மாற்றும் பெரிய அப்டேட் நடக்கும்போது மட்டும் நான் எதையும் தொடமாட்டேன். அது முடிந்து ஒரு வாரமாவது கழித்துத்தான் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அந்த நாட்களில் நோட்டில் ‘அப்டேட் ஓடுகிறது, கை வைக்கவில்லை’ என்று இருக்கும். இந்த வாரம் எழுதியது: ‘டயர் பஞ்சர் கட்டுரை: இரண்டாவது படம் 3 எம்பி. யார் ஏற்றியது? நான்தான்.’