ஆபீஸ் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? டிரில் போட்டு தூசி பறந்துட்டா என்ன பண்ணணும்

எங்க ஆபீஸ் பழைய பில்டிங். மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, கீழ ஃபால்ஸ் சீலிங் அடிச்சு அக்கவுண்ட்ஸ் ஆளுங்களை உக்கார வச்சிருக்காங்க. போன வருஷம் ஏசி மாட்ட வந்த தம்பி காப்பர் பைப் வெளிய போகணும்னு ஷீட்டை வட்டமா அறுத்தாரு. அஞ்சே நிமிஷம்தான், கீபோர்டு மேல, டிபன் பாக்ஸ் மூடி மேல எல்லாம் சாம்பல் கலர்ல மாவு மாதிரி படிஞ்சுது. கூட்டுற அக்கா வந்து தொடப்பத்தால கூட்டி, டேபிளை காஞ்ச துணியால தட்டி விட்டாங்க, நாங்க பக்கத்துலயே நின்னு டீ குடிச்சிட்டு இருந்தோம். அன்னைக்கு நாங்க பண்ணினது எல்லாமே தப்பு. அப்புறம் தேடிப் படிச்சு தெரிஞ்சுகிட்டதை எழுதுறேன், உங்க ஆபீஸ்ல யாருக்காவது உதவும்.

மொதல்ல பயத்தை அளவா வச்சுக்கோங்க. நல்லா இருக்குற ஷீட் தலைக்கு மேல சும்மா கெடக்குறதால பெரிய ஆபத்து கெடையாது, ஆஸ்பெஸ்டாஸ்ங்கிறது மெல்லிசு நார் நாரா இருக்குற ஒரு தாது, ஷீட்ல சிமெண்ட் அந்த நாரை கெட்டியா பிடிச்சு வச்சிருக்கும். அறுக்கும்போது, ஓட்டை போடும்போது, உடையும்போது, பாசி சுரண்டும்போதுதான் நார் காத்துல கலக்கும். கண்ணுக்குத் தெரியாத நார், மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கிடும். "இது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், ஒண்ணும் ஆகாது"ன்னு கடையில சொல்வாங்க, நம்பாதீங்க. வெள்ளையையும் சேர்த்து எல்லா வகையும் மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிருக்கு.

உங்க கூரையில இருக்குறது அதுதானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? பிரிட்டன்ல 1999லயே முழுசா தடை பண்ணிட்டாங்க, அதனால அங்க பில்டிங் கட்டின வருஷத்தை வச்சே ஓரளவு சொல்லிடலாம். நம்ம நாட்டுல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி பண்ணி இன்னும் ஷீட் தயார் பண்றாங்க, அதனால வருஷம் உதவாது. ஷீட் மேல ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா பாருங்க, கூட ஐஎஸ் 459ன்னு இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டேதான். முத்திரை அழிஞ்சு போயிருந்தா ஆஸ்பெஸ்டாஸ்னே வச்சுகிட்டு நடந்துக்கோங்க. உறுதியா தெரியணும்னா இந்த டெஸ்ட்டுக்கு என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச் சான்று தர்ற அமைப்பு) அங்கீகாரம் வாங்கின லேப்ல கேளுங்க, சாம்பிளை அவங்களே வந்து எடுக்கட்டும், நீங்களா ஒரு துண்டு ஒடிக்காதீங்க. ரொம்ப பழைய பில்டிங்னா சூடு பைப், ஏசி டக்ட் மேல சுத்தின வெள்ளைப் பூச்சையும் பாருங்க, தொட்டாலே உதிர்ந்துடும் போலத் தெரிஞ்சா (தொட்டுப் பாக்காதீங்க) அது ஷீட்டை விட பல மடங்கு மோசம், கிட்ட போகாம ரூமை பூட்டச் சொல்லுங்க.

சரி, தூசி பறந்துடுச்சு. வேலையை அப்பவே நிறுத்தச் சொல்லுங்க. ஃபேன், ஏசி ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, நாம எல்லாரும் ஃபேனைப் போட்டு தூசியை வெளிய தள்ளப் பாப்போம், அது ரூம் முழுக்க பரப்பிடும். எல்லாரும் வெளிய வந்து கதவை சாத்துங்க. திறந்து வச்ச சாப்பாட்டைத் தூக்கிப் போடுங்க. தொடப்பம் கூடாது, சாதா வேக்குவம் கிளீனர் சுத்தமா கூடாது, அது உறிஞ்சி பின்னாடி வழியா நாரை மறுபடி காத்துல விடும். இந்த வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுறதுதான் சரி, கொஞ்சூண்டு தூசின்னா தகுந்த மாஸ்க் போட்ட ஒருத்தர் மட்டும் உள்ள போய், ஸ்பிரே பாட்டில்ல தண்ணி அடிச்சு ஈரமாக்கி, ஈரத்துணியால ஒரே பக்கமா துடைச்சு, அந்தத் துணியை அலசாம ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி வைக்கணும். கர்ச்சீப்பும் சர்ஜிகல் மாஸ்க்கும் இதுக்குத் தாங்காது, நுண்தூசியையும் வடிகட்டுற பி100 இல்லன்னா எஃப்எஃப்பி3 ரக மாஸ்க் வேணும். டிரஸ்ல பட்டிருந்தா உதறாதீங்க, ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு, கழட்டி அதையும் ரெண்டு கவர்ல போட்டு கட்டிடுங்க, வீட்டுல துவைக்காதீங்க, தலைக்கு குளிச்சிடுங்க.

மறுநாளே எக்ஸ்ரே எடுக்க ஓடாதீங்க, அதுல ஒண்ணும் தெரியாது. இதுல வர்ற நோய் வெளிய தெரிய பொதுவா 20, 30 வருஷம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். ஒரு தடவை கொஞ்ச நேரம் சுவாசிச்சதுக்கு ரிஸ்க் ரொம்ப கம்மி, ஆனா பூஜ்யம்னு யாராலயும் சொல்ல முடியாது. சிகரெட் பிடிக்கிறவங்க தயவுசெஞ்சு விட்டுடுங்க, ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தா நுரையீரல் கேன்சர் ரிஸ்க் பல மடங்கு ஏறும்.

அதனாலதான் எழுதி வைக்கிறது முக்கியம். தேதி, எத்தனை மணி, யார் யார் இருந்தாங்க, எவ்ளோ நேரம், என்ன வேலை நடந்துச்சு, போட்டோவோட ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி வச்சுக்கோங்க. 1995ல சுப்ரீம் கோர்ட் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைக்காரங்களுக்கு என்ன சொல்லுச்சுன்னா, தொழிலாளியோட ஹெல்த் ரெக்கார்டை வேலைக்கு சேர்ந்ததுலேர்ந்து 40 வருஷம், இல்லன்னா வேலையை விட்டு 15 வருஷம், இதுல எது பிந்தி வருதோ அதுவரைக்கும் வச்சிருக்கணும். ஆபீஸ்காரன் நமக்கு அப்படி யாரும் வச்சுத் தரமாட்டாங்க, நாமதான் வச்சுக்கணும்.

அந்த மெயில்ல கூட்டுற அக்கா பேரும், ஏசி தம்பி பேரும் கண்டிப்பா இருக்கணும். நம்மள விட அதிகமா சுவாசிச்சது அவங்க, அந்தத் தம்பி தினம் நாலு கூரையை அறுக்குறாரு. காண்ட்ராக்ட் ஆளுங்கன்னு விட்டுடாதீங்க. அவங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கான்னு கேளுங்க, ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது இந்த நாரால நுரையீரல் தழும்பாகி இறுகுற நோய், சட்டத்துல தொழில் நோய் லிஸ்ட்லயே இருக்கு.

ஓனர் பயந்துபோய் "மொத்தத்தையும் பிரிச்சுடலாம்"னு கிளம்பினா அவசரப்படவும் விடாதீங்க. உடைச்சு இறக்கினா இப்ப இருக்குறதை விட மோசம். ஷீட் நல்லா இருந்தா ஓட்டையை அடைச்சு, பெயிண்ட் அடிச்சு, தொடாம விடுறதே போதும். உடைஞ்சு கெடந்தாதான் மாத்தணும், அதையும் ஆபீஸ் லீவு நாள்ல, ஷீட்டை நனைச்சு, ஷீட்டைப் பிடிச்சிருக்குற ஜே போல்ட்டை கழட்டி முழுசா இறக்கி, கனமான பாலித்தீன்ல சுத்தணும். மேல யாரும் ஏறி நிக்கக்கூடாது, பழைய ஷீட் படக்குன்னு உடைஞ்சு விழுந்து செத்தவங்க நெறைய பேர். எறக்கின ஷீட்டை குப்பைத்தொட்டியிலயோ ஏரிக்கரையிலயோ கொட்ட விடாதீங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேளுங்க, அபாயக் கழிவுக்குன்னே கும்மிடிப்பூண்டியில இடம் இருக்கு.

எங்க ஆபீஸ்ல இப்ப மாடிப்படி ஏறுற எடத்துல பெயிண்ட்லயே எழுதி வச்சிருக்கோம்: "ஷீட்டில் துளை போடாதீர்கள், பைப் சுவர் வழியாக மட்டும்." அடுத்த ஏசி வந்தப்போ சுவத்துலதான் ஓட்டை போட்டாங்க, அரை மணி நேரம் கூட ஆச்சு, அவ்ளோதான்.