வீட்டில் ஒருவர் காணாமல் போனால்: கடலூர், புதுச்சேரி மக்களுக்கு

காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும், "நாளைக் காலைக்குள் வந்துவிடுவார், பொறுங்கள்" என்று தடுக்கும் பெரியவர் ஒருவர் மஞ்சக்குப்பத்திலும் இருக்கிறார், முத்தியால்பேட்டையிலும் இருக்கிறார். வழக்கமாகத் திரும்பும் நேரம் கடந்து, கைப்பேசியும் எடுக்கப்படாமல், போகக்கூடிய இரண்டு மூன்று இடங்களிலும் ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டால், அப்போதே காவல் நிலையத்துக்குப் புறப்படுங்கள். குழந்தையோ, மறதி நோயுள்ள முதியவரோ, மனம் உடைந்து பேசியவரோ, கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவரோ என்றால், அந்த இடங்களைப் பார்த்து முடிக்கும்வரைகூட நிற்காமல் 112-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கென்று 1098 தனியாக இருக்கிறது.

புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது. பெயர், வயது, உயரம், கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், கைப்பேசி எண், சாப்பிடும் மருந்து, அண்மையில் எடுத்த புகைப்படம் ஆகியவை அவசியம். எங்கள் பெரியப்பா காணாமல் போனபோது நான் "வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை" என்றுதான் முதலில் எழுதினேன். எங்கள் பக்கத்து முதியவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் உடை. பெரியம்மாதான் அருகில் வந்து, இடது கால் செருப்பின் வார் அறுந்துபோனதால் அதை நீல நிற வலை நூலால் தாமே கட்டிக் கொடுத்ததைச் சொன்னார். மூன்றாம் நாள், வடலூரில் அன்னதானப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் அந்த நீல நூலைப் பார்த்துத்தான் எங்களை அழைத்தார். ஆகவே தழும்பு, மச்சம், நடையில் உள்ள சாய்வு, கையில் கட்டிய கயிறு என்று அவரிடம் மட்டுமே உள்ளதை எழுதுங்கள்.

எல்லைச் சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவுதான். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் அரசும் காவல்துறையும் மாறிவிடுகின்றன. பெரியப்பாவைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பக்கம் என்று ஒரு நிலையத்திலும், அவர் வீடு இந்தப் பக்கம் என்று மற்றொரு நிலையத்திலும் எங்களைத் திருப்பி அனுப்பியதில் அரை நாள் வீணாயிற்று. நீங்கள் அப்படி அலையாதீர்கள். அவர் குடியிருக்கும் பகுதியின் நிலையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டு, அதன் நகலைக் கடைசியாகக் காணப்பட்ட இடத்தின் நிலையத்திலும் சேர்த்துவிடுங்கள். கடத்தல் போன்ற குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால், எல்லையைக் காரணம் காட்டாமல் எந்த நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. காணாமல் போனது குழந்தை என்றால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மனு ஏற்பு ரசீதாவது கையில் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால், நடந்ததை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

புகார் கொடுத்த கையோடு மருத்துவமனைகளுக்கு ஆள் அனுப்புங்கள். விபத்தில் நினைவிழந்து கிடந்தவர் "அடையாளம் தெரியாத நபர்" என்றே பதிவாகியிருப்பார் என்பதால், பெயரைச் சொல்லி விசாரித்தால் "அப்படி யாரும் இல்லை" என்ற பதில்தான் வரும். வயதையும் அடையாளத்தையும் சொல்லி, புகைப்படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, ஜிப்மர், முண்டியம்பாக்கம், சிதம்பரம் ஆகிய நான்கையும் விடாதீர்கள். ரயிலில் ஏறியிருக்கலாம் என்று தோன்றினால் திருப்பாதிரிப்புலியூர், விழுப்புரம் நிலையங்களில் உள்ள ரயில்வே போலீசாரிடமும் சொல்லுங்கள். வீட்டில் கோபித்துக்கொண்டோ வழி தவறியோ போகிறவர்கள் சோறு கிடைக்கும் இடத்தை நாடுவது இயல்பு. 1867 முதல் அணையாத அடுப்பு எரியும் வடலூர் தருமச்சாலைக்கும், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக்கும் படத்தோடு ஒருவர் போய்வருவது வீண் அலைச்சல் ஆகாது.

கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்து, அதன்மேல் புதியவை ஏறிவிடும். ஆகவே அவர் நடந்திருக்கக்கூடிய தெருவில் உள்ள கடைக்காரர்களிடம் அன்றைக்கே பேசி, பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசிக் கோபுர விவரத்தைக் காவல்துறைதான் பெற முடியும். வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்ட குறுஞ்செய்தி வந்தால் அதை உடனே அவர்களிடம் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் படத்தைப் பகிரும்போது புகார் எண்ணையும், விசாரிக்கும் நிலையத்தின் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். "உங்கள் ஆள் என்னிடம் இருக்கிறார், பயணச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பவர்கள் வருவார்கள். காணொளியில் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அந்த எண்ணைக் காவல்துறையிடம் கொடுங்கள்.

யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்ந்தே செல்லும். இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

ஆள் கிடைத்ததும் முதலில் சாப்பிட வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே போனீர்கள், ஏன் போனீர்கள் என்ற கேள்விகளை அன்றைக்குக் கேட்க வேண்டாம். புகார் கொடுத்த எல்லா நிலையங்களுக்கும் தகவல் சொல்லி, ஒட்டிய படங்களைக் கிழித்து, பகிர்ந்த செய்திகளையும் நீக்கிவிடுங்கள். எங்கள் பெரியப்பா வீடு திரும்பி ஒரு மாதம் ஆன பிறகும், பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஏன் நிறுத்துகிறார்கள் என்று தெரியாமல் அவர் மிகவும் பயந்துபோனார்.