ரோயிங் மெஷின் தவறுகள்: கையில் தெரியும், காரணம் வேறெங்கோ

ஜிம்மில் படகில் துடுப்பு வலிப்பதுபோலக் கைப்பிடியை இழுத்துப் பயிற்சி செய்யும் ரோயிங் மெஷினில் உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். பலருக்குக் கைப்பிடி நேர்கோட்டில் போய்வராது. முட்டிக்கு மேலே எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பும். பக்கத்தில் நிற்பவர் "கையைத் தாழ்த்துங்க" என்பார். இவரும் தாழ்த்துவார், கைப்பிடி முட்டியில் இடிக்கும். கை முட்டியைத் தாண்டும் முன்பே கால் மடங்கிவிட்டது. கையைத் திருத்தி என்ன பயன்?

இழுக்கும்போது வரிசை கால், உடம்பு, கை. திரும்பும்போது அப்படியே தலைகீழ்: முதலில் கை நீள வேண்டும், பிறகு இடுப்பிலிருந்து உடம்பு முன்னால் சாய வேண்டும், கடைசியில்தான் முட்டி மடங்க வேண்டும். கை நீண்டு, உடம்பு சாய்ந்து, கால் இன்னும் நேராக இருக்கும் அந்த நிலையில் ஒரு விநாடி நின்றுவிட்டுப் போங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து இழுப்பு போட்டாலே கைப்பிடியின் மேடுபள்ளம் தானாகக் குறையும்.

அடுத்தது, முதுகைப் பதம் பார்க்கும் தவறு. உதைத்ததும் சீட் மட்டும் பின்னால் ஓடும், கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும். காலின் பலம் வீணாகி, மிச்ச வேலை கீழ்முதுகின் தலையில் விழும். இன்னும் ஒரு அங்குலம் எட்டிப் பிடிக்கிற ஆசைதான் பெரும்பாலும் காரணம். அந்த ஆசையில் குதிகால் தூக்கி, முதுகு வளைந்து, பின்பக்கம் குதிகாலோடு ஒட்டிக்கொள்ளும். கெண்டைக்கால் தரைக்குச் செங்குத்தாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிடைக்கும் நீளம் போலி.

தொடக்கத்திலேயே முழங்கையை மடக்குவதும் இதோடு ஒட்டிப் பிறந்தது. இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது முழங்கையை மடக்கியா தூக்குகிறோம்? கால் நீளும் வரை கை வெறும் கயிறுதான்.

அவசரம் தனிக் கதை. நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் ஒன்றுக்கு 3 விநாடி. இழுக்க ஒரு விநாடி, திரும்ப இரண்டு என்று வைத்துக்கொண்டால் நிதானமான பயிற்சிக்குச் சரியாக இருக்கும். பலர் இழுத்த வேகத்திலேயே முன்னால் பாய்கிறார்கள். மெஷின் இதைப் பெரிதாகத் தண்டிக்காது. படகு தண்டிக்கும். போட்டிகளில் ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் உட்காரும் ஆள் 70 கிலோ இருந்தால், படகைப்போல ஐந்து மடங்கு. அவ்வளவு எடை சறுக்கும் சீட்டில் சர்ரென்று ஓடி, கால்பலகையை உதைத்து நிற்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் படகை அவரே பின்னால் தள்ளுகிறார். இழுத்துச் சேர்த்த வேகம் அங்கேயே கரைகிறது.

ஃபினிஷில், அதாவது இழுப்பு முடியும் இடத்தில், கைப்பிடி தாடைக்குப் போக வேண்டாம், விலா எலும்பின் அடிப்பகுதியைத் தொட்டால் போதும். மல்லாந்து படுப்பவர்கள் கால் பட்டையை அவிழ்த்துவிட்டு மெதுவாகப் பத்து இழுப்பு போட்டுப் பார்க்கலாம். அதிகம் சாய்ந்தால் பாதம் பலகையை விட்டுக் கிளம்பிவிடும். இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

தண்ணீரில் இறங்கியவர்களுக்கு ஒன்று. துடுப்பு தண்ணீருக்குள் சிக்கிக்கொண்டு அதன் கைப்பிடி வயிற்றில் குத்துவதை 'நண்டு பிடிப்பது' என்பார்கள். பிளேடு, அதாவது துடுப்பின் தட்டையான முனை, தண்ணீரை விட்டு வெளியே வருமுன் அதைப் படுக்கவைக்க மணிக்கட்டைத் திருப்புவதே அடிக்கடி நடக்கும் காரணம். முதலில் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிளேடை வெளியே எடுங்கள், அப்புறம் திருப்புங்கள்.

மெஷின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட டாம்பர் என்ற நெம்புகோல் இருக்கும். ஜிம்முக்குப் புதிதாக வருபவர் முதலில் செய்வது அதை 10-க்குத் தள்ளுவதுதான், ஏதோ கௌரவப் பிரச்சினை போல! அது மெஷினுக்குள் சுழலும் விசிறிக்குள் போகும் காற்றின் அளவை மாற்றும், அவ்வளவே. 10-இல் இழுப்பது கனமான படகை இழுப்பது போல. 3-க்கும் 5-க்கும் நடுவில் வைத்து, வேகமாக உதையுங்கள். எவ்வளவு பலமாக உதைக்கிறீர்களோ அவ்வளவு எதிர்ப்பை விசிறியே கொடுக்கும்.